மான் கத்தி

வீட்டுக்கு வருகிறவர்களிடம் இனிமேல் இந்தக் கத்தியைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

சுவீடனில் மூரா என்றொரு ஊர் இருக்கிறது. கத்திக்குப் பேர்போன ஊர். 1891இல் அங்கே தொடங்கிய பட்டறையின் வழிவந்த மோராக்னீவ் நிறுவனம் செய்கிற ‘கம்பேனியன்’ என்ற கத்திதான் என் கையில் இருப்பது. நோர்வேயில் இருக்கிற மச்சான் கொண்டுவந்து தந்தவர். அங்கே வேட்டைக்குப் போக ஆசைப்பட்டால் முதலில் பரீட்சை எழுதிச் சித்தியடைய வேண்டுமாம். அவர் சித்தியடைந்து, இலையுதிர் காலத்தில் நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போகிறவர். ஆயிரக்கணக்கில் கொட்டி வேட்டைக் கத்தி வாங்குகிற ஆட்கள் இருக்க, அவர் இடுப்பில் தொங்குவது ஏறத்தாழ 20 யூரோ விலையுள்ள இந்தப் பிளாஸ்டிக் உறைக் கத்தி. மானின் வயிற்றைக் கீறிக் குடல் எடுப்பது, தோல் உரிப்பது, தொடை கழற்றுவது எல்லாம் இதால்தான்.

திருகோணமலையில் மான் கத்திக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் நிழலில் படுத்து அசைபோடுகின்றன. பின்னேரத்தில் நகரத்துக்குள்ளும் வந்து கடைவாசலில் வாழைப்பழத் தோலுக்கு நிற்கின்றன. அவற்றில் கைவைத்தால் 1937ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் பாயும். சட்டம் இல்லாவிட்டாலும் எனக்கு மனம் வராது. ஆனால் ஆட்டுக்கும் மானுக்கும் தோலுக்குள்ளே பெரிய வித்தியாசம் இல்லையே!

தீபாவளிக்கு எங்கள் ஒழுங்கையில் பங்கு போட்டு ஆடு அடிப்பது வழக்கம். இந்த முறை உரிக்கிற வேலையை நான் கேட்டு வாங்கினேன். வேலியோர மாமரத்தில் ஆட்டைப் பின்னங்காலில் தூக்கிக் கட்டியாயிற்று. கத்தியைப் பார்த்ததும் இறைச்சி வெட்டுகிற அண்ணர் சிரித்தார்: “இதென்ன தம்பி, மாம்பழம் வெட்டவோ?”

அலகின் நீளம் 104 மில்லிமீற்றர்தான். அதுதான் விசேஷமே! உரிப்பதற்குப் பெரிய கத்தி உதவாது. கால்மூட்டைச் சுற்றியும் தொடையின் உட்பக்கமாகவும் கீறிவிட்டால் மிச்சத்தைக் கைமுஷ்டியே தள்ளிக் கழற்றிவிடும். கத்திக்கு வேலை வருவது வயிற்றில். கூரை வெளிப்பக்கம் பார்க்கப் பிடித்து, இரண்டு விரலை உள்ளே விட்டு, அந்த விரல்களுக்கு நடுவே நுனியை நகர்த்த வேண்டும். குடலில் ஒரு பொத்தல் விழுந்தால் இறைச்சி நாறிவிடும். நீட்டுக் கத்தியின் நுனி எங்கே நிற்கிறது என்று கைக்குத் தெரியாது. இதன் நுனியோ விரலின் தொடர்ச்சி மாதிரி நின்றது. இரத்தமும் கொழுப்புமாகக் கை வழுக்கியபோதும் றப்பர் பூசிய பிடி அசையவே இல்லை. முடிந்ததும் அண்ணர் கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எவ்வளவு?” என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டாம்.

மடக்குக் கத்தியைச் சொல்லி என்னோடு வாதாட வராதீர்கள். மடிப்புக்குள் கொழுப்பும் செதிலும் போய் அடைத்தால் ஊசியால் கிண்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இது நிலையான அலகு. குழாயடியில் பிடித்தால் சுத்தம். உறையின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகூட விட்டிருக்கிறான், மகாராசன்!

இனி மீன். கொட்பே துறைமுகத்தில் படகு வந்து சேருகிற நேரம் போனால் பாரை, சூரை, விளைமீன் எல்லாம் கண் மின்ன மின்னக் கிடைக்கும். சந்தையில் வெட்டித் தருவார்கள்தான். ஆனால் நான் முழுமீனாகவே கேட்டு வாங்குகிறேன், வீட்டில் நானே வெட்டுகிற சந்தோஷத்துக்காக. பித்தப்பை உடையாமல் வயிற்றைத் திறப்பதற்கும் ஆட்டில் செய்த அதே பிடிதான்.

தீட்டுவதைச் சொல்லாமல் விடமுடியாது. அலகின் இரண்டு பக்கமும் அகலமான ஒரே சாய்வு. அந்தச் சாய்வைத் தீட்டுகல்லில் அப்படியே படியவைத்து இழுத்தால் போதும். கோணத்தைக் கல்லே பார்த்துக்கொள்ளும். சான்ட்விக் 12சி27 என்ற துருப்பிடிக்காத உருக்கு, ரொக்வெல் அளவில் கடினம் 56 முதல் 58 வரை. கூரும் நிற்கும், மழுங்கினால் எளிதில் திரும்பியும் வரும். இந்த இரண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. அலகின் முதுகு 2.5 மில்லிமீற்றர்தான், அதன் வால் பிடியின் கடைசிவரை போவதும் இல்லை. எலும்பில் ஓங்கிப் போடவோ, மூட்டுக்குள் விட்டு நெம்பவோ கூடாது. பெரிய பாரையின் தலையைப் பிளக்க எங்கள் கொல்லர் லொறி வில்லுத் தகட்டைக் காய்ச்சி அடித்துத் தருகிற பாரக் கத்திதான் சரி. அதன் கம்பீரமே வேறு. ஆனால் அதைக் கொண்டு மீனின் தோலை உரித்துப் பாருங்கள், தெரியும். இரண்டையும் வைத்திருப்பவன் பாக்கியவான்.

நோர்வேயிலோ சுவீடனிலோ சொந்தக்காரர் இருந்தால் அடுத்த முறை சொக்லேட் வேண்டாம், இதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். துருப்பிடிக்காத வகை என்று அழுத்திச் சொல்ல வேண்டும். கார்பன் உருக்கிலும் இதே கத்தி வருகிறது. எங்கள் உப்புக்காற்றில் அது ஒரே இரவில் செம்மண் நிறமாகிவிடும். இன்னொன்று, கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். பெரிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள்.