கடனை எண்ணிச் சொன்னவள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலுக்குச் சான்றாக மாணவிகளிடம் காட்டுகிறோம். அங்கே தாயும் இருக்கிறாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினருக்கும் தகுதியில்லை. தாயின் சகோதரிகளின் மகன்களும் தாயின் உடன்பிறந்தானும் அந்த உறவுப் பட்டியலில் வருகிறார்கள். ஆணை ஆணோடு இணைக்கும் கண்ணியாக மட்டுமே அவள் இருக்கிறாள்.

பொன்முடியாரின் புறநானூறு 312ஆம் பாடலில் பெற்று வளர்ப்பது தாய்க்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு, வேல் வடிப்பது கொல்லனுக்கு, நன்னெறியில் நடத்துவது வேந்தனுக்கு, களிற்றைக் கொன்று மீள்வது மகனுக்கு. சான்றாண்மையைக் கற்பிக்கும் பொறுப்பு தாய்க்கு இல்லை என்பதில் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. போரையும் அவள் மறுக்கவில்லை.

ஆனால் பேசுவது யார்? வேந்தன் உட்பட ஐவரின் கடனையும் எண்ணிச் சொல்பவள் தாய். அதைப் பாட்டாக்கியவரும் பெண். வீரத்தாய் என்று போற்றும் உரைகள் இதைக் கவனிப்பதில்லை.

அம்மாவின் சமையலும் தியாகமும் நம் மேடைகளில் தாயன்பாகின்றன. வீட்டில் யார் யாருக்கு என்ன கடன்பட்டவர் என்று அவள் சொன்ன நியாயமே நமக்குள் நெடுங்காலம் தங்குகிறது. வகுப்பில் இனித் தாயின் கடமை எது என்று மட்டும் கேட்காமல், அவள் மற்றவர்களிடம் எதைக் கேட்கிறாள் என்றும் கேட்போம்.