உப்புக்காற்றில் கேஸ் கசிவு தேடும் கருவிகள்

காஞ்சிரங்குளம், புல்லுவிளை, பூவாறு பக்கத்து வீடுகளில் ஏசி குளிரவில்லை என்றால் மெக்கானிக் வாசலில் கால் வைக்கும்போதே “கேஸ் அடிக்கணுமா?” என்றுதான் கேட்கிறார்கள். அடித்துவிட்டால் அன்றைக்கே அறை குளிரும். அடுத்த கோடை வருவதற்குள் அதே மெக்கானிக்கை மறுபடி கூப்பிட வேண்டிவரும். ஏசிக்குள் இருக்கும் கேஸ் எரிந்து தீர்கிற பொருளல்ல. மூடிய செம்புக்குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. அது குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் அடிப்பது வீட்டுக்காரரின் பணத்தைக் காற்றில் விடுவதுதான்.

அந்த ஓட்டையைத் தேடித்தரும் மின்னணுக் கருவிகளில் இரண்டு வகைகளை இங்குள்ள சர்வீஸ் கடைப் பையன்களோடு சேர்ந்து வீடுகளில் பயன்படுத்திப் பார்த்தேன். ஒன்று, உள்ளே சூடேறும் டயோடு சென்சார் கொண்டது. மற்றொன்று இன்ஃப்ராரெட் ஒளியை வைத்துக் கேஸை அடையாளம் காண்பது. ஃபீல்ட்பீஸ் நிறுவனத்தின் எஸ்ஆர்எல்8 முதல் வகைக்கும் எஸ்ஆர்எல்2 இரண்டாம் வகைக்கும் உதாரணம். மற்ற நிறுவனங்களும் இரண்டையும் விற்கின்றன. கீழே சொல்வதெல்லாம் சென்சார் வகைக்குரிய குணம், எந்த நிறுவனத்தையும் பற்றிய தீர்ப்பல்ல.

விளம்பர அட்டையில் பெரிதாகப் போடும் எண்ணை முதலில் ஒதுக்கிவிடலாம். ஆண்டுக்கு 4 கிராம் கசிந்தாலும் பிடிக்கும் என்பார்கள். கார் ஏசிக்கான எஸ்ஏஇ தரநிலை அந்த அளவைத்தான் கேட்கிறது. ஒன்றரை டன் வீட்டு ஏசியில் ஏறத்தாழ 800 கிராம் ஆர்-32 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4 கிராம் போனால் அந்த ஏசியின் ஆயுள் முடியும்வரை யாருக்கும் தெரியாது. ஒரே ஆண்டில் பாதிக் கேஸ் போகிற வீட்டில் கசிவு அதைப்போல நூறு மடங்கு. ஆகவே நமக்கு வேண்டியது அதீத மோப்பம் அல்ல. இல்லாத கசிவுக்குக் கத்தாமல் இருப்பது.

இங்கேதான் இன்ஃப்ராரெட் முந்துகிறது. டயோடு வகை கூர்மையானது, விலையும் குறைவு. ஆனால் காயில் கழுவிய ரசாயனத்தின் வாடைக்கும் ஈரத்துக்கும் சில சமயம் கத்திவிடுகிறது. பெரிய கசிவில் நேராகக் கொண்டுபோய் வைத்தால் சென்சார் திணறி, தெளிவதற்கு நேரம் எடுக்கிறது. அதன் ஆயுளும் ஓடும் மணிக்கணக்கில்தான். இன்ஃப்ராரெட் சென்சார் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். இன்ஃப்ராரெட்டுக்கும் ஒரு பழக்கம் உண்டு. கேஸின் அளவு மாறுவதைத்தான் அது உணர்கிறது. முனையை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றால் சத்தம் அடங்கிவிடும். நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில், குழாயை ஏறத்தாழ ஒட்டியபடி, நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனம். மேலிருந்து தொடங்கிக் கீழே வந்து, மூட்டுகளின் அடிப்பக்கத்தைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

ஏசி ஓடும்போது உள் யூனிட்டுக் காயிலில் கசிவைத் தேடுவது வீண்வேலை. ஆர்-32 ஏசி ஓடுகையில் அந்தப் பக்கத்து அழுத்தம் 130 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். நிறுத்திவிட்டுச் சற்றுப் பொறுத்தால், 30 டிகிரி வெயிலில் இரண்டு பக்கமும் 265 பிஎஸ்ஐ அளவுக்கு வந்து நிற்கும். அழுத்தம் கூடினால் கசிவும் கூடும், கருவிக்கும் எளிதாகிவிடும். விசிறி நின்றுவிடுவதால் கேஸும் அங்கேயே தேங்கும்.

வெளி யூனிட்டில் கடற்காற்றுதான் எதிரி. மத்தியானம் காற்று ஏறிவிட்டால் கசியும் கேஸ் முனைக்கு வருமுன்பே பறந்துபோகும். காலையிலேயே பார்த்துவிட வேண்டும், முடியாவிட்டால் பிளாஸ்டிக் ஷீட்டால் மறைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். இந்த ஊரில் சந்தேகப்பட வேண்டிய இடங்களும் தெரிந்தவைதான்: உப்பு தின்ற காயில், வெல்டிங் மூட்டு, ஃபிளேர் நட், மூடி தொலைந்த சர்வீஸ் வால்வு.

கருவி கத்திய இடத்தில் சோப்பு நுரை வைத்துப் பார்க்காமல் நான் எதையும் நம்பவில்லை. கருவி சுற்றுவட்டாரத்தைக் காட்டும். ஓட்டையைக் கண்ணுக்குக் காட்டுவது குமிழிதான். ஒரு வீட்டில் பாட்டி ஒருவர் பையனைப் பார்த்து, “மக்களே, இவ்வளவு மிஷின் வச்சிட்டுப் பின்ன எதுக்குச் சோப்பு?” என்று கேட்டார். அவன் பதில் பேசாமல் ஃபிளேர் நட்டில் நுரையைத் தடவினான். குமிழி வளர்வதை அவரே குனிந்து பார்த்தார்.

கேஸ் முழுவதும் போய்விட்ட ஏசியில் கருவிக்கு வேலையே இல்லை. அங்கே நைட்ரஜன் ஏற்றி, கேஜைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். 400 பிஎஸ்ஐ ஏற்றி இரவு முழுவதும் விட்டால், விடியலில் 5 டிகிரி குளிர்ந்ததற்கே 7 பிஎஸ்ஐ வரை இறங்கும், அது கசிவல்ல. ஏசியோடு வந்த கையேட்டில் போட்டிருக்கும் அளவைத் தாண்டி ஏற்றக்கூடாது. நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டுவது கொலைக்குச் சமம்: கம்ப்ரசர் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும்.

இந்தக் கருவிகளின் மூக்குக்கு எட்டாதவையும் உண்டு. ஆர்-290 என்பது புரோபேன். அதில் ஃப்ளோரினும் இல்லை, குளோரினும் இல்லை. ஆர்-32க்காக வாங்கிய கருவி அதன் பக்கத்தில் பேசாமல் இருக்கும். காற்றில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் கலந்தாலே தீப்பிடிக்கும் கேஸ் அது. அதற்குத் தனி டிடெக்டர் வேண்டும். பெரிய ஐஸ் பிளான்ட்டுகளில் ஓடும் அமோனியாவுக்கும் அப்படியே. அங்கே கந்தகக் குச்சியைக் கொளுத்திக் குழாயோரம் பிடித்தால், கசியும் இடத்தில் வெள்ளைப் புகை எழும். ஈரமான ஃபினால்ஃப்தலீன் தாள் சிவக்கும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத்தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மூச்சுத்திணறி மக்கள் வீடுகளைவிட்டு ஓடியதை நினைத்தால், அமோனியா இருக்கிற இடத்தில் கையில் பிடிக்கும் கருவியை மட்டும் நம்பக்கூடாது என்பேன். ஆளில்லாத நேரத்திலும் காற்றை முகர்ந்து அலாரம் அடிக்கும் நிலையான சென்சார் சுவரில் இருக்க வேண்டும்.

வாங்குவதா? நாள்தோறும் ஏசி வேலை பார்க்கும் கடைக்கு இன்ஃப்ராரெட். விலை உறுத்தும், ஆனாலும் பொய்க்கத்தல் குறைவதால் நல்ல காயிலைக் கழற்றி மாற்றும் தவறு குறையும். எப்போதாவது பார்ப்பவருக்கு டயோடு வகையும் சோப்பு நுரையும் போதும். எதை வாங்கினாலும் ஆர்-32 போன்ற, லேசாகத் தீப்பற்றக்கூடிய ஏ2எல் வகைக் கேஸ்களில் பயன்படுத்தலாம் என்று கருவியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முனை ஃபில்டர் நாலைந்து கூடுதலாகவே எடுத்து வையுங்கள். ஆயிலும் தண்ணீரும் பட்டு இங்கே அதுதான் முதலில் அடைகிறது.