மூன்றில் ஒரு பங்கில் ஒரு சறுக்குத் திடல்

டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு முதன்முறையாக இடம்பெற்றபோது, பெண்களுக்கான 'ஸ்ட்ரீட்' பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் மொமிஜி நிஷியாவுக்கு வயது 13. நம் பக்கமும் சக்கரம் புதிதல்ல. சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025-இல் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் 1000 மீட்டரில் தங்கம் வாங்கினார். ஆனால் அவர் ஓடியது பந்தயத் தடத்தில். வளைந்து ஏறி இறங்கும் ஸ்கேட் பார்க் வேறு வகை. அதைச் சேலத்திலோ நாமக்கல்லிலோ பொதுப்பணத்தில் கட்ட வேண்டுமானால் கைக்கு எட்டும் வழி 'நமக்கு நாமே' திட்டம். அந்த வழி இந்த வேலைக்கு எவ்வளவு தூரம் பொருந்தும்?

1997-இல் பிறந்து, 2011-இல் 'தன்னிறைவுத் திட்டம்' என்று பெயர் மாறி, 2021-இல் பழைய பெயரோடு திரும்பிய திட்டம் இது. மறுவருகை தொடங்கிவைக்கப்பட்டது சேலத்தில்தான். மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும். பாதிக்கு மேல் கொடுப்பவர்கள் வேலையைத் தாங்களே எடுத்துச் செய்யவும் இடமுண்டு.

இந்தக் கடைசி விதிதான் ஸ்கேட் பார்க்குக்குப் பெரிய வரம். ஸ்கேட்போர்டுச் சக்கரத்தின் குறுக்களவு ஐந்து சென்டிமீட்டரை ஒட்டியது. கான்கிரீட்டில் ஒரு சின்னப் பொறுக்கு இருந்தாலும் சக்கரம் சட்டென நிற்கும், பிள்ளை முன்னால் போய் விழும். வளைவு முழுக்க ஒரே சீராக இருக்க வேண்டும். விளிம்பில் இரும்புக் குழாய் பிசிறில்லாமல் பதிய வேண்டும். குழியின் அடியில் வடிகால் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மழைக்கே அது தொட்டியாகிவிடும். குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்ற டெண்டர் முறையில் வரும் ஒப்பந்தக்காரருக்குப் பழகியது சாலையும் சாக்கடையும். கொத்தனார் கரணையைப் பிடிக்கும் விதத்தில் விளையாட்டே அடங்கியிருக்கும் வேலை இது. தெரிந்தவரைத் தேடிக் கொடுக்கும் உரிமை இருந்தால்தான் உருப்படும்.

அந்தப் பாதிப் பணம் எங்கிருந்து வரும்? நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சிக்குச் செலவிடலாம் என்று 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் சொல்கிறது. இரும்பாலையும் பெரிய ஆலைகளும் உள்ள சேலம் மாவட்டத்தில் இது எட்டாக்கனியல்ல. ஊர்க்காரர் முனைந்தால் நடக்கும் என்பதற்கு அதே மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியே சாட்சி: கிரிக்கெட் வீரர் நடராஜன் தன் ஊரில் அமைத்த மைதானம் 2023-இல் திறக்கப்பட்டது.

அதே உதாரணம் திட்டத்தின் முதல் குறையையும் காட்டுகிறது. பணம் போடுகிறவரே எதைக் கட்டுவது என்று முடிவு செய்கிறார். நடராஜனுக்குக் கிரிக்கெட் தெரியும், அதனால் மைதானம் மைதானமாக வந்தது. ஸ்கேட் பார்க்கில் விளையாடப் போவதோ பத்துப் பதினைந்து வயதுப் பிள்ளைகள். அவர்கள் கையில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை, மூன்று ரூபாயும் இல்லை. கொடையாளிக்குச் சுற்றுச்சுவரும் நுழைவு வளைவும் பெயர்ப்பலகையும் கண்ணில் படும். குழியின் ஆழம் படாது. பெற்றோருக்கு வசதியுள்ள பகுதிக்குத் திடல் போய்ச் சேரும், நெசவாளர் குடியிருப்புக்கு வராது.

இரண்டாவது குறை இன்னும் பழையது. 2016-இல் அறிவிக்கப்பட்ட அம்மா உடற்பயிற்சிக் கூடங்களை நினைத்துப் பாருங்கள். கட்டடமும் கருவியும் ஊர்களுக்கு வந்தன. பிற்பாடு பல இடங்களில் பூட்டுத்தான் தொங்கியது. கட்டுவதற்கு எஸ்டிமேட் உண்டு. திறந்து மூட ஆளுக்கும், வெடிப்பு அடைக்கச் சிமென்ட்டுக்கும், விளக்கு எரிய மின்கட்டணத்துக்கும் யாரும் எஸ்டிமேட் போடுவதில்லை. சேலத்து வெயிலில் பகல் முழுக்கச் சுடும் தளத்தில் விளையாட்டு மாலையில்தான் தொடங்கும். விளக்கில்லாத திடல் பாதித் திடல்.

மத்தியப் பிரதேசத்தின் பன்னா அருகே ஜன்வார் கிராமத்தில் 2015-இல் ஒரு ஸ்கேட் பார்க் வந்தது. ஜெர்மானியரான உல்ரிக்கே ரைன்ஹார்டின் முயற்சி, பணம் வெளிநாட்டிலிருந்து. அங்கே பயின்ற பழங்குடிப் பெண் ஆஷா கோண்ட் 2018-இல் சீனாவில் நடந்த உலகப் போட்டி வரை போனார். அதற்குக் கான்கிரீட் மட்டும் காரணமல்ல. பெண் பிள்ளைகளுக்கே முதலிடம், பள்ளிக்குப் போகாவிட்டால் பலகை கிடையாது என்ற இரண்டு விதிகளும், அவற்றைக் கடைப்பிடிக்க அங்கேயே ஆள் இருந்ததும் காரணம். வெளிப்பணத்தை நம்பியது அதன் பலவீனம். நடத்தும் முறையை முதலிலேயே தீர்மானித்தது பலம். நம் திட்டத்தில் இது தலைகீழ்: பணம் உள்ளூரிலேயே திரளும், நடத்தும் முறை பற்றிப் பேச்சே இருக்காது.

எனவே வழியை விட வேண்டியதில்லை, வரிசையை மாற்றினால் போதும். முதலில் நாமக்கல், திருச்செங்கோட்டு லாரி பாடி பட்டறைகளில் இரும்புச் சட்டமும் பிளைவுட்டும் கொண்டு கழற்றி மாட்டும் ராம்ப்கள் நாலைந்து செய்து, இருக்கிற மைதானம் ஒன்றின் மூலையில் போடலாம். எந்தச் சரிவில் பிள்ளைகள் திரும்பத் திரும்ப ஏறுகிறார்கள், எந்த நேரம் வருகிறார்கள், பெண் பிள்ளைகள் ஏன் வராமல் நிற்கிறார்கள் என்று ஓராண்டில் தெரிந்துவிடும். தெரிந்ததை வைத்து வரைபடம் போட்டு, பராமரிப்புக்கு மாநகராட்சியோ ஊராட்சியோ ஆண்டுதோறும் தொகை ஒதுக்கத் தீர்மானம் நிறைவேற்றிய பிறகே மூன்றில் ஒரு பங்கைத் திரட்ட வேண்டும்.

இதில் தாமதம் இருக்கிறது, திறப்பு விழா தள்ளிப்போகும், தேர்தலுக்கு உதவாது என்பார்கள். உண்மைதான். ஆனால் மக்கள் பங்கு என்றால் பணப்பங்கு மட்டுமே என்று எண்ணும் வரை, விளையாடும் பிள்ளைக்கு அந்தத் திட்டத்தில் பங்கில்லை.