சான்றும் சூழலும்

தமிழ்நாட்டில் பயன் தந்த திட்டம் பிறிதோரிடத்திலும் பயன் தருமா? சான்று சார்ந்த கொள்கை பற்றி நான்சி கார்ட்ரைட், ஜெரமி ஹார்டி இருவரும் 2012இல் வெளியிட்ட நூல் இவ்வினாவை ஆராய்கிறது. 1980இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், குழந்தைகளின் எடையை மாதந்தோறும் கண்காணித்தது; எடை கூடாத குழந்தைகளுக்குத் துணையுணவும் தாய்மார்க்கு அறிவுரையும் வழங்கியது. கடுமையான ஊட்டக்குறைவு தணிந்தது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு 1995இல் வங்காளதேசத்தில் தொடங்கிய திட்டமோ எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. அங்குப் பல குடும்பங்களில் சந்தைக்குச் செல்பவர் ஆடவர். உணவைப் பகிர்பவர் மாமியார். அறிவுரை பெற்ற தாயிடம் அதனைச் செயற்படுத்தும் உரிமை இல்லை.

துணைக்காரணிகளை அறியாது சான்றை இடம் மாற்றலாகாது என்னும் நூலாசிரியர் முடிவு ஏற்கத்தக்கதே. ஆயின், அக்காரணிகளைக் கண்டறிய நூல் காட்டும் வழிகள் பெரும்பாலும் கொள்கை வகுப்போர் தமக்குள் சிந்திக்கும் வழிகளே. மாமியாரின் இடத்தை அவ்வீட்டை அறிந்தோரே காட்ட இயலும்.

மொழி ஒன்றாதலால் தமிழ்நாட்டுச் சான்று இங்கும் பொருந்தும் என நம்மில் சிலர் கருதுவதுண்டு. தோட்டத்தினின்று பெயர்ந்து பினாங்கின் அடுக்குமாடி வீடுகளில் வாழும் தமிழ்க் குடும்பத்தில், கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்லின், குழந்தையின் உணவை முடிவு செய்பவர் யார்? இதற்கு விடை காணும் களஆய்வே பரிந்துரைக்கு முந்தைய பணி எனலாம்.