புளி தேய்த்த கைகள்

கைவினைப் பாத்திரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சுத்தியல் ஓசையோடு தொடங்குகிறார்கள். பட்டறை, துருத்தி, நெருப்பு, அடிக்க அடிக்கக் குழிந்து வரும் தகடு. பாத்திரம் கடைக்குப் போனதும் கட்டுரை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அது சமையலறைச் சாமான், கலை அல்ல.

பஞ்சாபில் அமிர்தசரசுக்கு அருகே ஜண்டியாலா குரு என்ற ஊரில் தட்டேரா சமூகத்தினர் பித்தளை, செம்புப் பாத்திரங்களைக் கையால் அடித்துச் செய்கிறார்கள். 2014இல் யுனெஸ்கோ இந்தத் தொழிலைத் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. (தேய்த்துத் தேய்த்து விரல் வெடித்தவர்களுக்கு இது வேடிக்கையான பெயர்தான்.) அந்தப் பதிவின் விவரக் குறிப்பில் இரண்டு செய்திகளைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாகச் செல்கிறது என்பது ஒன்று. அடித்து முடித்த பாத்திரத்தை மணலும் புளிக்கரைசலும் கொண்டு கையால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள் என்பது மற்றொன்று.

புளியும் மணலும். எவர்சில்வருக்கு முன் குடும்பம் நடத்திய எந்தத் தமிழ்ப் பெண்ணிடம் இதைச் சொன்னாலும் சிரித்துவிடுவாள். கிணற்றடியில் அவளிடம் இருந்ததும் புளிச்சக்கை, மணல், சாம்பல், தேங்காய் நார்தான். அதே பொருள், அதே கையசைவு. பட்டறையில் ஒருமுறை செய்தால் அது மரபுக்கலையின் நிறைவுக் கட்டம். கொல்லைப்புறத்தில் 40 வருடம் செய்தால் பத்துப்பாத்திரம் தேய்ப்பது. நம் சினிமாவில் கைவிடப்பட்ட தாய்க்கு ஒதுக்கப்பட்ட வேலையும் அதுதான்.

செம்பும் பித்தளையும் புளிப்புப் பட்டால் களிம்பேறும். அதனால்தான் உள்ளே ஈயம் பூசினார்கள். பூச்சு தேய்ந்தால் மறுபடி பூச வேண்டும். சைவ சித்தாந்தம் ஆணவ மலத்தை விளக்கச் செம்பில் களிம்பை உவமையாக எடுத்துக்கொண்டது. வகுப்பில் அதை நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு குறுக்குக் கேள்வி எழும். அது புறத்தே தேய்த்து நீக்கும் அழுக்கல்ல, உலோகத்தோடு உடனாக இருப்பது என்கிறார்கள். சரி. எவ்வளவு தேய்த்தாலும் திரும்ப வரும் என்பதைத் தினம் தேய்த்து அறிந்தவள் யார்? உவமையில் செம்பு இருக்கிறது, களிம்பு இருக்கிறது. அவள் இல்லை.

பாத்திரத்தின் மேலும் அவள் இல்லை. என் அம்மாவுக்குச் சீராக வந்த அண்டாவில் தாத்தாவின் பெயரும் ஊரும் புள்ளிபுள்ளியாக வெட்டப்பட்டிருக்கின்றன. அடித்துச் செய்த கன்னாரின் பெயர் கிடையாது. தேய்த்தவளின் பெயரும் கிடையாது. கொடுத்தவர் பெயர் மட்டும். கல்வெட்டுகளில் கொடையாளியைத் தேடும் நம் ஆய்வுப் பழக்கத்துக்கு இது மிகவும் வசதியான பிரதி.

பிறகு எவர்சில்வர் வந்தது. பழைய பித்தளையை எடைக்குப் போட்டுப் புதுப் பாத்திரம் வாங்கிய பெண்களை மரபைத் தொலைத்தவர்கள் என்று இன்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அந்த எழுத்தின் மீது பொறுமை இல்லை. அவர்கள் தொலைத்தது புளிச்சக்கையை. மிச்சமானது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பொழுது. ஆனால் கும்பகோணத்திலும் நாச்சியார்கோயிலிலும் பித்தளையை நம்பியிருந்த பட்டறைகளை அடித்ததும் அதே எவர்சில்வர்தான். அந்த வீடுகளிலும் பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியின் கைக்கு ஓய்வு கிடைத்தபோது இன்னொருத்தியின் அடுப்புக்கு வருமானம் குறைந்தது. இதில் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது பெண்ணியமும் அல்ல, கைவினைப் பற்றும் அல்ல.

இப்போது பித்தளை திரும்பி வருகிறது. ஆரோக்கியம், பாட்டியின் கைமணம் என்று விளம்பரங்கள். படங்களில் தவலை மின்னுகிறது. அருகில் ஒரு வாழையிலை, ஒரு கொத்து மல்லிகை. பட்டறைக்கு நாலு காசு போனால் எனக்கு மகிழ்ச்சியே. கையால் அடித்த பாத்திரத்துக்குப் பேரம் பேசாமல் கூலி கொடுங்கள் என்றும் என் மாணவிகளிடம் சொல்கிறேன். அவர்களில் ஒருத்தி கேட்டாள், "மேடம், வாங்கினப்புறம் யாரு தேய்க்கிறது?" அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அதற்கான பதில் காலை ஏழு மணிக்குப் பின்வாசல் வழியாக வருகிறது. பித்தளைக்கென்று அவள் சம்பளத்தில் தனித்தொகை சேர்ந்ததாக நான் இதுவரை கேள்விப்படவில்லை.