மூன்றாவது செட்டைத் தாண்டினால்

லண்டனில் காலை பதினொரு மணி என்றால் இலங்கை மலையகத்தின் நோட்டன் பிரிட்ஜில் பின்னேரம் மூன்றரை. விம்பிள்டனின் வெளிக் கோர்ட்டுகளில் முதல் பந்து விழும் அந்த நேரத்தில், இங்கே மலையிலிருந்து கொழுந்து நிறுவைக்கு இறங்கிக்கொண்டிருக்கும். சென்டர் கோர்ட்டில் ஆட்டம் தொடங்கும்போது மணி ஆறு. பாரிஸ் ஆட்டங்கள் பிற்பகல் இரண்டரைக்கு, நியூயோர்க் இரவு எட்டரைக்கு. மெல்பேர்ண் என்றால் அதிகாலை ஐந்தரை. தோட்டத்துப் பெரட்டுக்குக் கிளம்புமுன் ஒரு செட் பார்த்துவிடலாம். இரவு ஆட்டங்களை விட்டால் வேறெதற்கும் இந்த ஊர்க்காரர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனாலும் டென்னிஸ் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வாரம்தான் டீவிக்கு முன்னால் உட்காருகிறார்கள். அல்கராஸா, சின்னரா என்பதுதான் அவர்களுக்குக் கேள்வி. முதல் மூன்று நான்கு நாட்களை, பெரிய ஆட்கள் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும் நாட்களாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். தமிழ் ரசிகர்களுக்கு அது பெரும் நட்டம். சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன் 1987இல் அமெரிக்க ஓபன் காலிறுதிக்கு வந்தார். அதன் பிறகு இந்தியாவிலிருந்து எந்த ஆணும் ஒற்றையர் ஆட்டத்தில் கிராண்ட் ஸ்லாம் காலிறுதியைத் தொடவில்லை. நம்மவர்கள் வென்றதும் தோற்றதும், நெஞ்சு பதறவைத்ததும் எல்லாமே முதல் வாரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அதைப் பார்க்காதவர் நம் டென்னிஸையே பார்க்காதவர்.

பொதுவான ரசிகருக்கும் முதல் சுற்று சும்மா இல்லை. 2025 விம்பிள்டனில் முதல் சுற்றிலேயே தரநிலை பெற்ற 23 பேர் வெளியேறினார்கள்: ஆண்களில் 13, பெண்களில் 10. தரநிலை 32 பேருக்கு விரிவாக்கப்பட்ட 2001க்குப் பிறகு எந்தக் கிராண்ட் ஸ்லாமிலும் இதைவிட அதிகம் பேர் இப்படி விழுந்ததில்லை. மூன்றாம் தரநிலையில் இருந்த ஸ்வெரெவ், பிரான்ஸின் ஆர்தர் ரின்டர்க்னெக்கிடம் ஐந்து செட்டில் தோற்றார். மூன்று வாரங்களுக்கு முன்புதான் பாரிஸில் கிண்ணத்தைத் தூக்கியிருந்த கோகோ காஃப், உக்ரைனின் டயானா யஸ்ட்ரெம்ஸ்காவிடம் 6–7, 1–6 என்று இரண்டே செட்டில் முடிந்துபோனார்.

இதற்கெல்லாம் வெறும் அதிர்ஷ்டத்தைக் காரணம் சொல்லக் கூடாது. பிரெஞ்சு ஓபனுக்கும் விம்பிள்டனுக்கும் இடையே மூன்று வாரம்தான். செம்மண்ணில் சறுக்கிச் சறுக்கி ஆடிய கால், எட்டு மில்லிமீற்றருக்கு வெட்டிய புல்லில் நிற்கப் பழக வேண்டும். பாரிஸில் இரண்டாவது வாரம் வரை போனவருக்கு அந்த நாட்களும் சுருங்கிவிடும். அதே சமயம், ரோஹாம்ப்டனில் நடக்கும் தகுதிச் சுற்றிலிருந்து வருபவர் புல்லில் மூன்று ஆட்டங்களை வென்றுவிட்டு வருகிறார். நோஞ்சான் என்று நினைக்கப்படுபவர் ஓடிக் களைத்த குதிரையல்ல, ஓட்டம் பிடித்த குதிரை. 2025இல் எட்டாம் தரநிலை ஹோல்கர் ரூனை, முதல் இரண்டு செட்டையும் விட்டுக்கொடுத்த பிறகு மடக்கிய சிலியின் நிக்கோலஸ் ஹாரி, தகுதிச் சுற்றிலிருந்து வந்தவர்தான்.

புல்லும் முதல் இரண்டு நாள் வேறு மாதிரி. யாரும் மிதிக்காத தரையில் ஈரப்பசை இருக்கும். பந்து தாழ்வாக வழுக்கிக்கொண்டு போகும். 2021இல் செரீனா வில்லியம்ஸ் சென்டர் கோர்ட்டில் முதல் சுற்று ஆட்டத்தின்போது கால் வழுக்கி, அழுதுகொண்டே வெளியேறியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டாவது வாரத்தில் பின்கோட்டை ஒட்டிய புல் தேய்ந்து மண் தெரியும்போது தரை இறுகிவிடும், பந்தும் நிதானமாக எழும். வட்டவளையிலும் நோட்டனிலும் தென்மேல் பருவமழை விடாமல் கொட்டுவதும் இதே நாட்களில்தான். இங்கே மழை என்றால் டிஷ் சிக்னல் போகும். அங்கே மழை என்றால் கூரை உள்ள சென்டர் கோர்ட்டும் முதலாம் இலக்கக் கோர்ட்டும் மட்டும் ஓட, மற்ற ஆட்டங்கள் மறுநாளைக்குக் குவியும். மழைக்கு அஞ்சாத ஆட்டக்காரர் பெரும்பாலும் பெரிய பெயர்க்காரர். நம்மவர்களுக்கு வாய்ப்பது கூரையில்லாத கோர்ட்.

இனி நம்மவர்களுக்கு வருவோம். இரண்டு ஆட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு விடயம் கண்ணில் படும்.

முதலாவது, 1989 ஜனவரி, மெல்பேர்ண், இரண்டாம் சுற்று. எதிரே நிற்பவர் மாட்ஸ் விலாண்டர், உலகின் முதலாம் இலக்கம், நடப்புச் சம்பியன். ரமேஷ் கிருஷ்ணனிடம் இடிபோன்ற சேர்வ் கிடையாது. அவருடையது கையின் நேர்த்தி. பந்தை அடிக்காமல் தடவி அனுப்புவது, எதிராளியின் வேகத்தையே வாங்கி மூலையில் வைப்பது. அப்பா ராமநாதன் கிருஷ்ணனிடமிருந்து வந்த சொத்து அது. 1960, 1961 என்று இரண்டு வருடம் தொடர்ந்து விம்பிள்டன் அரையிறுதிக்குப் போன கை அந்த அப்பாவுடையது. விலாண்டர் பின்கோட்டில் நின்று பந்தைத் திருப்பித் திருப்பி அனுப்பி எதிராளியைக் களைக்கச் செய்பவர். ரமேஷ் அவரைக் களைக்கும் ஆட்டத்துக்கே விடவில்லை. 6–3, 6–2, 7–6. ஆட்டம் முடிந்தது. அந்த மாதம் இழந்த முதலாம் இலக்கத்தை விலாண்டர் அதற்குப் பிறகு பெறவேயில்லை.

இரண்டாவது, 2024 ஜனவரி, அதே மெல்பேர்ண், முதல் சுற்று. ஹரியானாவின் சுமித் நாகல், உலக வரிசையில் 137. எதிரே 31ஆம் தரநிலை அலெக்ஸாண்டர் புப்லிக். சில மாதங்களுக்கு முன்புதான், தன் வங்கிக் கணக்கில் ஆயிரம் யூரோகூட மிச்சமில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர் நாகல். தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் வென்று உள்ளே வந்திருந்தார். 6–4, 6–2, 7–6. ஒரு கிராண்ட் ஸ்லாமில் தரநிலை பெற்றவரை இந்திய ஆண் ஒருவர் வீழ்த்தியது ரமேஷுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. முப்பத்தைந்து வருடம்!

இரண்டு ஸ்கோரையும் மறுபடி பாருங்கள். முதல் செட் நெருக்கம், இரண்டாவது 6–2, மூன்றாவது டை பிரேக். இருவருமே மூன்றாவது செட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். சாத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு விடை இரண்டாம் சுற்றிலேயே கிடைத்தது. நாகல் சீன இளைஞர் ஷாங் ஜுன்செங்கிடம் முதல் செட்டை 6–2 என்று எடுத்துவிட்டு, அடுத்த மூன்றையும் 3–6, 5–7, 4–6 என்று இழந்தார்.

சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரனின் 2019ஐ இதே கண்ணோடு படிக்க வேண்டும். இடதுகைக்காரர். முழங்கால் எலும்பில் வந்த முறிவுகளால் இளமையின் பல வருடங்களை இழந்து, இருபதுகளின் பிற்பகுதியில் மீண்டு வந்தவர். அந்த வருடம் ஏப்ரலில் உலக வரிசையில் 75க்கு ஏறினார். நான்கு கிராண்ட் ஸ்லாமிலும் பிரதான சுற்றில் ஆடினார். நான்கிலும் முதல் சுற்றிலேயே தோற்றார். செய்திகளில் வந்தது அவ்வளவுதான். ஆனால் மெல்பேர்ணில் டியாஃபோவுக்கு எதிராக 6–7, 3–6, 3–6. விம்பிள்டனில் ராவோனிச்சுக்கு எதிராக 6–7, 4–6, 2–6. நியூயோர்க்கில் மெட்வடேவுக்கு எதிராக 4–6, 1–6, 2–6. பாரிஸ் செம்மண்ணில் டெலியன் என்ற ஆட்டக்காரரிடம் வாங்கிய அடியை ஒதுக்கிவிட்டால், மற்ற மூன்றிலும் முதல் செட் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. ராவோனிச்சின் சேர்வ் உலகத்தின் கடினமான சேர்வ்களில் ஒன்று. அவருக்கு எதிராகப் பன்னிரண்டு கேம் வரை சரிக்குச் சரி நின்றுவிட்டு, டை பிரேக்கில் ஒரே ஒரு பொயின்ட் எடுத்தார். அதன் பிறகு சறுக்கல். எதிராளிகளும் லேசுப்பட்டவர்கள் அல்ல: டியாஃபோ அந்தத் தொடரில் காலிறுதிக்குப் போனார், மெட்வடேவ் இறுதி வரை போய் நடாலை ஐந்து செட்டுக்கு இழுத்தார்.

இதைத் திறமைக் குறைவு என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. பிரஜ்னேஷ், நாகல் போன்றவர்கள் வருடம் முழுக்கச் சலஞ்சர் போட்டிகளில் புள்ளி சேர்ப்பவர்கள். அங்கே எல்லாம் மூன்று செட் ஆட்டம்; இரண்டு செட் எடுத்தால் போதும். முன்பு டேவிஸ் கிண்ணத்திலாவது ஐந்து செட் இருந்தது, ராமநாதன் கிருஷ்ணனும் விஜய் அமிர்தராஜும் அதில்தான் உரம் ஏறினார்கள். 2019இலிருந்து அதுவும் மூன்று செட்டாகிவிட்டது. இன்று ஆண்கள் ஐந்து செட் ஆடுவது கிராண்ட் ஸ்லாமில் மட்டும்தான். பெரிய ஆட்கள் ஒரே தொடரில் ஐந்தாறு முறை அதை ஆடிப் பழகுகிறார்கள். முதல் சுற்றில் போகிறவருக்கு வருடத்தில் நான்கே வாய்ப்பு, அதுவும் தகுதி பெற்றால். மூன்றாவது, நான்காவது செட்டில் உடம்பை எப்படிப் பங்கிட்டு வைப்பது என்பதை ஆடித்தான் கற்க முடியும். அந்த ஆட்டம் அவர்களுக்குக் கிடைப்பது அரிது.

ஐந்து செட் பழகாத இந்த வரிசைக்கு விஜய் அமிர்தராஜ் விதிவிலக்கு, 1973 அமெரிக்க ஓபனில் ரொட் லேவரை ஐந்து செட்டில் சாய்த்தவர். ஆனால் அவரையும் ஐந்தாவது செட் சும்மா விடவில்லை. 1979 விம்பிள்டன் இரண்டாம் சுற்றில், மூன்று வருடமாகச் சம்பியனாக இருந்த பியோர்ன் போர்க்கை 6–2, 4–6, 6–4 என்று இரண்டுக்கு ஒன்றாக மடக்கி வைத்திருந்தார். நான்காவது செட்டின் டை பிரேக் கையை விட்டுப் போனது, ஐந்தாவது 2–6. போர்க் அந்த வருடமும் கிண்ணத்தைத் தூக்கினார். விம்பிள்டன் வரலாற்றில் அந்த இரண்டாம் சுற்று ஆட்டத்தை இறுதியாட்டங்களுக்குச் சமமாக வைக்கலாம்.

ஆரம்பச் சுற்றுகளின் இன்னொரு முகம் கோர்ட்டுக்கு வெளியே இருக்கிறது. 2018 பாரிஸ். பிரஜ்னேஷ் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றார். பிரதான சுற்றில் யாராவது காயம் என்று விலகினால், தோற்றவர்களில் ஒருவரை 'லக்கி லூசர்' என்று உள்ளே எடுப்பார்கள். அதற்கு ஆள் அங்கேயே இருந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்த வருடம்தான் புது விதி வந்திருந்தது: முன்கூட்டியே விலகும் காயக்காரருக்கும் முதல் சுற்றுப் பணத்தில் பாதி கிடைக்கும். அதனால் வழக்கத்தைவிட அதிகம் பேர் விலகினார்கள். பிரஜ்னேஷோ அதற்குள் இத்தாலியின் விச்சென்ஸாவில் நடந்த சலஞ்சர் போட்டியில் பெயர் கொடுத்துவிட்டார். கிர்கியோஸ் விலகியபோது அந்த இடம், பார்சிலோனாவுக்குத் திரும்பிப் போயிருந்த ஆர்ஜென்டினாவின் மார்கோ ட்ருஞ்செல்லிட்டியைத் தேடிப் போனது. அவர் அம்மாவையும் தம்பியையும் எண்பதைத் தாண்டிய பாட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு, சுமார் ஆயிரம் கிலோமீற்றர் ஓட்டி நள்ளிரவு நெருங்கும்போது பாரிஸை அடைந்தார். மறுநாள் காலை கையெழுத்துப் போட்டு, பேர்னார்ட் டொமிக்கை நான்கு செட்டில் வென்றார். உலகப் பத்திரிகைகள் பாட்டியைக் கொண்டாடின. சரிதான், கொண்டாட வேண்டிய கதைதான். அதன் மறுபக்கத்தில் சென்னைக்காரர் ஒருவர் விச்சென்ஸாவில் நின்றுகொண்டிருந்தார் என்பதையும் தமிழ்ப் பத்திரிகை எழுத வேண்டும். அந்த வருட முதல் சுற்றுப் பணம் 40,000 யூரோ. சலஞ்சர் ஆட்டக்காரருக்கு அது பல மாதப் பயணச் செலவு.

2020இல் மெல்பேர்ணில் அதே 'லக்கி லூசர்' வழி அவருக்குத் திறந்தது. முதல் சுற்றில் ஜப்பானின் தட்சுமா இட்டோ. வென்றால் அடுத்து ஜோகோவிச். 4–6, 2–6, 5–7. கையில் வந்த வாய்ப்புகளில் மிகவும் வலித்தது இதுவாகத்தான் இருக்கும். 2024 நவம்பரில் பிரஜ்னேஷ் ஓய்வை அறிவித்தார். அவரோடு ஒரே காலத்தில் ஆடிய ராம்குமார் ராமநாதன், 2017இல் அன்டால்யாவில் உலகின் எட்டாம் இலக்கமான டொமினிக் தீமை இரண்டே செட்டில் வென்றவர். அவர் இருபது தடவைக்கு மேல் தகுதிச் சுற்றில் முட்டியும் ஒற்றையர் பிரதான சுற்று திறக்கவில்லை.

பெண்கள் ஆட்டத்துக்கு இந்த ஐந்து செட் சிக்கல் இல்லை. கிராண்ட் ஸ்லாமிலும் மூன்று செட்தான். சிறிய போட்டிகளில் கற்ற ஆட்டம் அப்படியே அங்கேயும் செல்லும். அதனாலேயே கோயம்புத்தூரின் மாயா ராஜேஸ்வரன் ரேவதியின் மேல் கண் வைக்க வேண்டும். 2025 பெப்ரவரியில் மும்பையின் டபிள்யூ.டி.ஏ. 125 போட்டியில், பதினைந்து வயதில், தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கி அரையிறுதி வரை வந்தார். கிராண்ட் ஸ்லாம் தகுதிச் சுற்றுக்குப் போக முதலில் வரிசையில் ஏற வேண்டும், அங்கே மூன்று ஆட்டம் வெல்ல வேண்டும். அந்த நாள் வரும்போது செய்தி வருமென்று காத்திருக்க வேண்டாம். தகுதிச் சுற்றின் ஆட்டப் பட்டியல் பிரதான போட்டிக்கு முந்தைய வாரமே வெளியாகும். பெயரை அதில் தேடலாம்.