பல்கலைக்கழகங்களின் நீடித்த தன்மையை அளத்தல்: கிரீன்மெட்ரிக் தரவரிசை பற்றிய திறனாய்வு

யுஐ கிரீன்மெட்ரிக் என்பது பல்கலைக்கழகங்களைச் சுற்றுச்சூழல் நோக்கில் வரிசைப்படுத்தும் உலகத் தரப்பட்டியல். இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010இல் இதைத் தொடங்கியது. முதல் ஆண்டில் 35 நாடுகளைச் சேர்ந்த 95 பல்கலைக்கழகங்கள் பங்கேற்றன; 2022இல் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது.

மொத்தப் புள்ளிகள் 10,000. 2022ஆம் ஆண்டுப் பட்டியலில் ஆற்றல், காலநிலை மாற்றம் ஆகியவற்றுக்கு 21 விழுக்காடு, கழிவு மேலாண்மை, போக்குவரத்து, கல்வியும் ஆய்வும் ஆகிய மூன்றுக்கும் தலா 18, வளாக அமைப்புக்கு 15, நீருக்கு 10. தண்ணீரைவிட வாகனத்துக்கு ஏறத்தாழ இரு மடங்கு மதிப்பு! கோடையில் விடுதிக் குழாய் வறண்டுபோகும் ஊர்களுக்கு இந்தப் பகிர்வு பொருந்தாது.

வளாக அமைப்புக்கான குறியீடுகளில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. காடு போர்த்திய பரப்பு, திறந்தவெளி விகிதம், ஒருவருக்குக் கிடைக்கும் திறந்தவெளி ஆகியவற்றுக்குப் புள்ளிகள் உண்டு. பட்டியலை உருவாக்கிய பல்கலைக்கழகமே 1987இல் டெப்போக் நகரில் சுமார் 320 எக்டேர் பரப்பில் மரங்கள் அடர்ந்த வளாகம் அமைத்துக்கொண்டது. நகர நடுவில் நெருக்கமாக வளர்ந்த பழைய பல்கலைக்கழகம் என்ன செய்தாலும் அந்தப் பரப்பை எட்ட முடியாது. இது முயற்சியை அளப்பதன்று, பெற்ற நிலத்தை அளப்பது.

இன்னொன்றும் உண்டு. 100 எக்டேர் திறந்தவெளியும் 10,000 பேரும் உள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு 100 சதுர மீட்டர். ஏழை மாணவர்களுக்கு இடம் தந்து எண்ணிக்கையை 20,000 ஆக்கினால் அது 50 ஆகக் குறையும். அந்தக் குறியீட்டில் பின்தங்கும். அதே மாணவர்களால் ஒருவருக்கான மின்நுகர்வு குறைந்து வேறொரு குறியீட்டில் முன்னேறவும் கூடும். அரசுப் பல்கலைக்கழகத்தின் முதற்கடமையான சேர்க்கை, இங்கே வெறும் வகுக்கும் எண்ணாகிவிடுகிறது.

நிறுவனம் என்ற முறையில் பல்கலைக்கழகம் நிலைத்து நிற்குமா என்ற கேள்விக்கும் இப்பட்டியலில் விடை இல்லை. நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் காலியாகக் கிடந்து, தொகுப்பூதிய விரிவுரையாளர்களைக் கொண்டே வகுப்புகள் நடக்கலாம். அரசு மானியம் தாமதமாகி ஓய்வூதியம் நிற்கலாம். கூரையில் சூரியத் தகடும் வாசலில் மின்வண்டியும் இருந்தால் புள்ளிகள் வந்துவிடும். மதிப்பெண் பட்டியலில் உடற்கல்வி மட்டும் இருப்பதுபோன்ற நிலை இது.

இந்த வகையில் அமெரிக்காவின் ஆஷி அமைப்பு நடத்தும் ஸ்டார்ஸ் முறை மேலானது. கட்டணம் மாணவர்களுக்குக் கட்டுப்படியாகிறதா, பணியாளர் ஊதியம் போதுமானதா, முதலீடுகள் எங்கே செல்கின்றன என்பனவும் அதில் இடம்பெறுகின்றன. முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்தாமல் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் எனத் தரநிலை வழங்குகிறது. வட அமெரிக்கச் சூழலை மனத்தில் கொண்டு உருவானது என்பது அதன் குறை. பல்கலைக்கழகமே தன்னைப் பற்றித் தகவல் தருவது இரண்டு முறைகளுக்கும் பொது. ஆனால் ஸ்டார்ஸ் தரநிலை பெற்ற நிறுவனங்களின் அறிக்கைகள் இணையத்தில் வெளியாவதால், அங்கே படிக்கும் மாணவரே எடுத்து ஒப்பிட்டுக் கேள்வி கேட்கலாம்.